ஏழாம் எழுத்தின் மணி

1994-ல் எங்கள் கல்லூரி லேபில் கம்ப்யூட்டருக்கு இருந்தது ஒரே குரல்: ‘பீப்’. ஆஸ்கி வரிசையில் 7-ஆம் இடத்தில் இருப்பதற்கு எழுத்து வடிவம் கிடையாது. திரைக்கு அனுப்பினால் மணி அடிக்கும், அவ்வளவுதான். 1963-ல் வந்த டெலிடைப் 33 தொலைத்தட்டச்சுப் பொறியில் அது நிஜமான மணி. எங்களிடம் வந்து சேர்ந்தபோது பெட்டிக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கரின் பீப் ஆகியிருந்தது.

அதையும் பாட வைக்க ஆசைப்பட்டோம். பேசிக்கில் ‘சவுண்ட் 240, 18.2’ என்று அடித்தால் ஒரு விநாடி ஸட்ஜம் ஒலிக்கும். ஒன்றரை மடங்காக 360 கொடுத்தால் பஞ்சமம். எண்ணுக்குள் ஸ்வரம் இருப்பதை அன்றுதான் காதால் கேட்டேன்.

பிராஜெக்ட் ஃபைல்களை ஃபிளாப்பிக்கு நகலெடுக்க ஒரு பேட்ச் ஃபைல் எழுதி, எக்ஸ்காப்பி வரிக்குக் கீழே அந்த மணியை வைத்தேன். பீப் கேட்டதும் ஃபிளாப்பியை உருவிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். மறுநாள் திறந்தால் பாதி ஃபைல்கள் இல்லை. இடம் போதாமல் நகலெடுப்பு நின்றுபோயிருக்கிறது. பேட்ச் ஃபைலோ அடுத்த வரிக்குப் போய் மணியடித்துவிட்டது.

இப்போது என் லினக்ஸ் லேப்டாப்பில் இரண்டு வேவ் ஃபைல்கள் இருக்கின்றன. ஒன்று அம்மாவின் பூஜை மணி. இன்னொன்று எவர்சில்வர் டம்ளர் தரையில் விழுந்து உருளும் சத்தம். எந்தக் கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுப் போகும். 0 என்றால் வேலை நடந்தது. வேறு எதுவானாலும் பிசகு. அதைப் பார்த்து இரண்டில் ஒன்றை, ஒலிக்க வைக்கும் ‘ஏபிளே’ கட்டளையிடம் கொடுப்பதுதான் என் ஸ்கிரிப்டின் கடைசி நாலு வரி. முதல் தடவை டம்ளர் உருண்டபோது அம்மா அடுப்படியிலிருந்து, “என்னடா கொட்டிட்ட?” என்று ஓடி வந்தார். திரையைப் பார்க்காமலே எங்களுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. கண்ணுக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வு!

ஆனால் தொலைவிலுள்ள சர்வரில் ஓடும் ஸ்கிரிப்டுக்குப் பூஜை மணி உதவாது. ஏபிளே, தான் ஓடும் இயந்திரத்தின் ஸ்பீக்கரைத்தான் தேடும்; சர்வர் அறையில் யார் கேட்பது? அங்கே கைகொடுப்பது அந்தப் பழைய 7-ஆம் எழுத்துதான். மற்ற எழுத்துகளோடு சேர்ந்து இணைப்பு வழியே என் டெர்மினலுக்கே வந்து மணியடிக்கிறது. முடிந்தால் ஒரு தடவை, பிசகினால் விநாடிக்கு ஒன்றாக மூன்று தடவை என்று வைத்திருக்கிறேன்.

பூஜை மணியோ பழைய பீப்போ, சத்தத்துக்கு அர்த்தம் கொடுப்பது அதற்கு முன்னால் இருக்கும் ஒரு வரிச் சோதனை. அன்று எக்ஸ்காப்பியும் தன் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் நின்றது. மணியடிப்பதற்கு முன் அதைக் கேட்கும் வரியை நான் எழுதியிருக்கவில்லை. இப்போது எந்த ஸ்கிரிப்டிலும் முதலில் எழுதுவது அந்த வரியைத்தான்.