கார்டு இருக்குது சரி, பேரு இருக்குதா?

வாடா தம்பி, உக்காரு. இன்னா, எழுந்ததுலேர்ந்து போனும் கையுமா கெடக்குற? எந்தக் கூட்டணி எத்தினி சீட்டு புடிக்கும்னு ஊருக்கே கணக்கு சொல்லிகினு இருக்கியாமே. வீராம்பட்டினத்துல உக்காந்துகினு முப்பது தொகுதிக்கும் முடிவு சொல்ற. சந்தோஷம். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. வாக்காளர் பட்டியல்ல உம்பேரு எத்தினாவது பாகத்துல இருக்குது? வரிசை நம்பர் இன்னா?

ஏன்டா முழிக்கிற?

பர்ஸத் தொறந்து கார்டக் காட்டாத. கார்டு நீ யாருன்னு சொல்லும், அவ்ளோதான். அது தொலைஞ்சாக்கூட ஆதாரு, போட்டோ ஒட்டின பேங்கு பாஸ்புக்கு, லைசென்சு, நூறு நாள் வேலை அட்டைன்னு எதையாச்சும் காட்டி ஓட்டு போடலாம். பட்டியல்ல பேரு இல்லன்னா பத்து கார்டு வெச்சிருந்தாலும் பூத்து வாசலோட திரும்ப வேண்டியதுதான். வலையில ஓட்ட இருக்குதான்னு கரையில பிரிச்சுப் போட்டுப் பாக்கணும். நடுக்கடல்ல பாத்து இன்னா பிரயோசனம்?

உன்னவிட வெவரமான ஆளு ஒருத்தன் இருக்கான். ராத்திரியில கதவத் தட்டி கவரு நீட்ட வர்றானே, அவன்தான். குடுத்தாலும் குத்தம், வாங்கினாலும் குத்தம், அது ஒரு பக்கம் இருக்கட்டும். அவன் கையில இருக்கிற பேப்பர எட்டிப் பாத்திருக்கியா? உங்க வூட்டுல எத்தினி ஓட்டு, ஆயாவோடது எந்த நம்பரு, கட்டிக்குடுத்து வெளியூர் போன அக்கா பேரு இன்னும் இங்கியே இருக்குதா, எல்லாத்தையும் பேனாவால டிக் அடிச்சி வெச்சிருப்பான். உன் ஓட்டோட வெலயும் அவனுக்குத் தெரியுது, வெலாசமும் தெரியுது. உனக்கு?

நம்ம புதுச்சேரியில தொகுதியெல்லாம் குட்டி குட்டி. ஒண்ணொண்ணுக்கும் சராசரியா முப்பதாயிரத்துச் சொச்சம் ஓட்டுதான். ரெண்டு தெரு சாஞ்சா எம்.எல்.ஏ. மாறிப்பூடும். அதனாலதான் காதுகுத்து, கல்யாணம், கருமாதின்னு ஒண்ணு விடாம வந்து நிக்கிறாங்கோ. பாசத்துல வர்றாங்கோன்னு நெனச்சியா?

எஸ்.ஐ.ஆர்., அதான் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம்னு சொல்லி 2025 நவம்பர் 4-ந் தேதிலேர்ந்து வூடு வூடா பாரம் குடுத்தாங்களே, ஞாபகம் இருக்குதா? பூத்து அலுவலரம்மா மழையில கொடையப் புடிச்சிகினு வந்தாங்க. பாரத்துல உன் பழைய போட்டோ அச்சடிச்சிருந்துது. பக்கத்துல புதுசு ஒட்ட ஒரு கட்டம். பழைய போட்டோவுல முடி சரியில்லன்னு நீ சிரிச்ச. இருபது வருஷத்துக்கு முந்தின பட்டியல்ல அப்பன் பேரு எங்க இருக்குதுன்னு அந்தம்மா கேட்டா, "அப்பால வாங்க மேடம்"னுட்டு உள்ள பூட்ட. டிசம்பர் 16-ந் தேதி வரைவுப் பட்டியல் வந்துது. புதுச்சேரி முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல பேரக் காணோம். செத்தவங்க, குடி மாறினவங்க, ரெண்டு எடத்துல பேரு வெச்சிருந்தவங்க, தேடியும் ஆள் கெடைக்காதவங்கன்னு கணக்கு சொன்னாங்க. டீக்கடையில காலாட்டிகினு உசுரோட உக்காந்திருக்கிறவன் பட்டியல்ல காணாமப் போறதுக்குத் தனித் தெறமை வேணும்டா!

ரெண்டு எடம்னு சொன்னேன் பாரு. கடலூர்ப் பக்கம் மாமியார் வூட்டுல ஒரு ஓட்டு, இங்க ஒரு ஓட்டுன்னு வெச்சிகினு பெருமை பேசுறவன் இருக்கான். 2016-லயும் 2021-லயும் தமிழ்நாட்டுக்கும் நமக்கும் ஒரே நாள்லதான் தேர்தல். ரெண்டு படகுல கால் வெச்சவன் எந்தப் படகுல போயி சேருவான்? பொய்யா எழுதிக் குடுத்தா ஒரு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம்னு சட்டம் வேற இருக்குது.

இன்னொரு வேடிக்கை கேளு. பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா பென்சன் வாங்குற பெரிய மனுசன் ஒருத்தன் தெனம் திண்ணையில உக்காந்து நம்ம தொகுதிய அலசுவான். பிரெஞ்சு குடியுரிமை வெச்சிருக்கிறவனுக்கு நம்ம சட்டசபைக்கு ஓட்டே கெடையாது. அவன் ஓட்டெல்லாம் பாரிசு ஜனாதிபதிக்கு. ஆனா அந்தத் தேர்தல் வந்தா சட்டைய இஸ்திரி போட்டுகினு மொத ஆளா போயி நிப்பான். ஓட்டில்லாத எடத்துல வாய் நீளுது, ஓட்டிருக்கிற எடத்துல கால் நடக்குது. உனக்கு வாய் மட்டும்தான்டா நீளுது.

ஓட்டுன்னா சும்மா கெடைச்சதுன்னு நெனப்பா? 1871-லேயே நம்ம ஊருங்க சார்பா பிரெஞ்சு பார்லிமெண்டுக்கு ஒரு ஆள அனுப்பினாங்க. அந்தக் காலத்துல ஆளு போகாமலே பொட்டி நெறையும்னு பெருசுங்க சொல்லும். அப்பால வெள்ளக்காரன் போறதா இருக்கிறதான்னு 1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூர்ல ஓட்டெடுத்தாங்க. போட்டது 178 பேரு. இந்தியாவோட சேரணும்னு 170, வேணாம்னு 8. மொத்த ஊரோட தலையெழுத்தும் 178 பேரு கையில! மீன் புடிக்கிறவன, நெல்லு அறுக்கிறவன யாரும் கூப்ட்டுக் கேக்கல. இன்னிக்கு உன்னக் கேக்குறாங்க. நீ போன நோண்டுற.

சரி, வேலையச் சொல்றேன். பதினெட்டு ஆயிடுச்சா, பாரம் 6. பதினேழுலயே முன்கூட்டிக் குடுத்து வெக்கலாம். சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர், இந்த நாலு மாசத்து ஒண்ணாந் தேதியில எதுல பதினெட்டு நெறையுதோ அதுக்குச் சேத்துக்குவாங்க. வூடு மாறினாலும், பேருல எழுத்துப் பிழை இருந்தாலும் பாரம் 8. சந்தேகம்னா 1950-க்கு அடி. மனுத் தாக்கல் முடிஞ்ச பொறவு தலகீழ நின்னாலும் பேரு ஏறாது. அதுக்குப் பத்து நாளு முந்தியே ஓடணும்.

ஓட்டு போடுற அன்னிக்கு பூத்துக்குள்ள போனு கூடாது. வெளிய வெச்சிட்டுப் போ. அமுக்கினதும் பக்கத்துப் பொட்டியில சீட்டு ஏழு செகண்டு தெரியும், அதப் பாரு. செல்பிக்கு எங்க நிக்கலாம்னு வெளிச்சம் பாத்துகினு நிக்காத. ரெண்டு நாளு பிராந்திக்கடை சாராயக்கடை எல்லாம் மூடியிருக்கும். அதையே பெரிய தியாகம்னு ஸ்டேட்டஸ் போடாத. கடலுக்குப் போனவன் மத்தியானம் கரையேறி வந்து வரிசையில நிக்கிறான். பத்து மணிக்கு எழுந்திருக்கிற உனக்கு இன்னா கேடு?

போ, மொதல்ல பேரப் பாத்துட்டு வா. யாருக்குப் போடலாம்னு மட்டும் என்னக் கேக்காத. கேட்டா நான் சொல்லிப்புடுவேன். நீ தலைய ஆட்டிட்டுப் போயி மாத்திக் குத்திட்டு, "நீ சொன்ன ஆளுக்குத்தான் போட்டேன் தாத்தா"ம்ப. நானும் நம்பின மாதிரி தலைய ஆட்டணும். எதுக்குடா நமக்குள்ள அந்த வம்பு?