அமெரிக்கப் பிக்கப் வண்டியில் போல்ட் முடுக்கலும் குதிரைத்திறன் பெருக்கமும் — ஓர் ஆய்வு

அமெரிக்காவில் ஒருவர் 5.0 லிட்டர் வி-8 இன்ஜின் பொருத்திய ஃபோர்டு எஃப்-150 வாங்குகிறார். 1977 முதல் அந்நாட்டில் மிக அதிகமாக விற்கும் பிக்கப் வரிசை அது. 2021க்குப் பிந்தைய வண்டி என்றால் தொழிற்சாலையே 400 குதிரைத்திறன் கொடுத்து அனுப்பியிருக்கும். அவர் அதில் அலுவலகம் போய்வருகிறார். சில வாரங்களில் 400 போதவில்லை என்று தோன்றிவிடுகிறது. ஏன் தோன்றுகிறது என்பது உளவியல் துறையினர் ஆராய வேண்டியது. தோன்றிய பின் எதை வாங்கி மாட்டுவது என்பதே இவ்வாய்வின் பொருள்.

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுத்துவிடலாம். இன்ஜினைப் பிரிக்காமல், ஸ்பானரும் சாக்கெட்டும் கொண்டு, வீட்டு கராஜில் ஒரு சனிக்கிழமைக்குள் மாட்டக்கூடிய பாகங்கள் மட்டுமே முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படும். வேலி ஓரம் நின்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது துணைமைச் சான்று. பத்து எம்.எம். சாக்கெட் கைநழுவி இன்ஜினின் இடுக்கில் விழுந்து மறைவதால் ஆகும் நேரம் கணக்கில் இல்லை. அதைச் சேர்த்தால் சனிக்கிழமை என்ற எல்லையே தகர்ந்துவிடும்.

அடுத்து அளவை, அதாவது உண்மையை அறியும் வழி. நம் சைவ சித்தாந்த நூலார் காட்சி, கருதல், உரை என மூன்று வகுத்தனர். பிக்கப் உலகிலும் அவை மூன்றே. உரை என்பது விளம்பரம். கருதல் என்பது ‘இவ்வளவு பணம் கொடுத்திருக்கிறோம், கூடாமலா இருக்கும்’ என்ற அனுமானம். காட்சி என்பது வண்டியை முடுக்கும்போது இருக்கையில் பதிந்த உடம்பு சொல்லும் தீர்ப்பு. இதை ஆசன அளவை என்று குறிப்போம். செலவான டாலர் ஏற ஏற ஆசன அளவை காட்டும் குதிரைத்திறனும் ஏறும். எந்த ஆய்விலும் அது குறைத்துக் காட்டியதாகச் செய்தியில்லை.

ஆசனத்தை நம்பாதவர்கள் டைனோ என்ற நான்காம் அளவைக்குப் போகிறார்கள். பின்சக்கரங்களை இரும்பு உருளைமேல் ஏற்றி, வண்டியைப் பட்டைகளால் தரையோடு இழுத்துக்கட்டி, முகத்துக்கு நேரே ஒரு பெரிய மின்விசிறியை வைத்துவிட்டு ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிப்பார்கள். கியர்பாக்ஸும் அச்சும் தம் பங்கை எடுத்துக்கொண்டது போக, திரையில் 340 என்று வரும். 400 என்று எழுதிய ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கியவருக்கு இதுவே ஒரு துக்கச் செய்திதான். ஆனால் பரிகாரம் டைனோவின் கணினியிலேயே இருக்கிறது. அன்றைய வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப எண்ணைத் திருத்தும் விதிகள் அதில் உண்டு. எஸ்.ஏ.இ. விதி 25 டிகிரி செல்சியஸ் காற்றை அடிப்படையாகக் கொள்கிறது. எஸ்.டி.டி. என்ற பழைய விதியோ குளிர்ந்த, அழுத்தம் மிகுந்த காற்றைக் கற்பனை செய்துகொண்டு சுமார் 4 சதவீதம் கூட்டிச் சொல்லும். 340இல் 4 சதவீதம் 13.6. ஆக, ஒரு போல்ட்டையும் தொடாமல் விதியை மாற்றிய மாத்திரத்தில் பதின்மூன்று குதிரைகள் லாயத்துக்கு வந்துவிடுகின்றன. இந்த ஆய்வில் தட்டுப்பட்டவற்றுள் விலை குறைந்த பாகம் இதுவே.

இனிப் பாகங்கள். பெரும்பாலோர் முதலில் வாங்குவது ‘கோல்ட் ஏர் இன்டேக்’. பிளாஸ்டிக் ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் குழாயும் கூம்பு வடிவ ஃபில்டரும் மாட்டுவது. இதன் பயனைக் கணக்கால் சோதிக்கலாம். 5 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழன்றால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சிலிண்டர்கள் நிறையும். அதாவது விநாடிக்கு 250 லிட்டர் காற்று. தொழிற்சாலைப் பெட்டி இதற்குத் திணறினால் புதுக் குழாய்க்கு வேலை உண்டு. அது பெரிதாகத் திணறுவதில்லை. போதாததற்கு, இக்கால வண்டிகள் இன்ஜின் சூட்டை விட்டு வெளிக்காற்றைத்தான் ஏற்கெனவே இழுக்கின்றன. நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்தில் போக 400 குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்களவே போதும். அப்போது த்ராட்டில் தகடு முக்கால்வாசி மூடியே கிடக்கிறது. கதவைச் சாத்திவிட்டு வாசற்படியை அகலப்படுத்தி என்ன பயன்? அடிவரை மிதிக்கும் சில விநாடிகளில் சில குதிரைகள் சேரலாம், அவ்வளவே. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரென்றால் இன்னொரு சங்கதி: எண்ணெய் மிகுந்துவிட்டால் காற்றளக்கும் சென்சாரில் படிந்து கணக்கைக் கெடுக்கும்.

எனினும் வாங்கியவர் மகிழ்ச்சியாகவே இருக்கிறார். இதுதான் இவ்வாய்வின் மையம். பழைய ஏர் பாக்ஸில் இரைச்சலை அமுக்கும் அறைகள் இருந்தன. அவை போனதும் இன்ஜின் மூச்சிழுக்கும் ஓசை பானட்டைத் தாண்டிக் கேட்கிறது. காது ஆசனத்துக்குத் தகவல் தருகிறது, ஆசனம் அதைக் குதிரைத்திறன் என்று பதிவு செய்கிறது. ஆகவே விற்பனையாகும் சரக்கு பெரும்பாலும் ஒலி என்பது எம் கருதுகோள்.

‘கேட்-பேக்’ சைலென்சர் இதை இன்னும் நேர்மையாக மெய்ப்பிக்கிறது. கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னுள்ள குழாய்களை மட்டும் மாற்றுவது. திறன் கொஞ்சம், சத்தம் தாராளம். மிச்சிகன் போலப் பனிக்கு உப்புத் தூவும் மாநிலங்களில் பழைய போல்ட்டுகள் துருவேறி ஒடியும். அங்கே முடுக்குவதற்கு முன் அறுக்க வேண்டும். இயல்பான வேகத்தில் மணிக்கணக்காகக் காதுக்குள் ரீங்கரிக்கும் முழக்கம் இலவச இணைப்பு.

த்ராட்டிலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே செருகும் த்ராட்டில் பாடி ஸ்பேசர் பற்றி எழுதத் தனிப் பத்தி தேவையில்லை. பெடல் பூஸ்டர் மட்டும் தத்துவ நோக்கில் சுவையானது: கால் கால்வாசி மிதித்தால் அரைவாசி மிதித்ததாக இன்ஜினிடம் சொல்லும் சிறு பெட்டி. கூடும் குதிரைத்திறன் பூஜ்யம். ஆசன அளவையில் நூற்றுக்கு நூறு.

உண்மையில் பலன் தருபவையும் உண்டு. டர்போ இன்ஜினுக்கு, 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் போன்றதற்கு, இன்ஜின் கணினியின் நிரலை மாற்றி எழுதும் நல்ல ட்யூனிங் போட்டால் வேறுபாடு டைனோவிலேயே தெரியும்; விலை கூடிய பெட்ரோல் போட வேண்டிவரும். டர்போ இல்லாத வி-8க்கு அதே ட்யூனிங்கில் கிடைப்பது சொற்பம். அதற்கு சூப்பர்சார்ஜர்தான் மருந்து: 700 குதிரைத்திறன் வரை ஏற்றலாம், ஆயிரக்கணக்கான டாலரும் இறக்கலாம்.

இவ்வளவும் செய்தவர் அடுத்த மாதம் 32 அங்குல டயரைக் கழற்றி 35 அங்குலம் மாட்டுகிறார். அந்தக் கணமே கியர் விகிதம் 9 சதவீதம் தளர்ந்து, சேர்த்த குதிரைகள் டயரைச் சுழற்றுவதிலேயே களைத்துப்போகின்றன. திருத்தாவிட்டால் ஸ்பீடோமீட்டர் 65 காட்டும்போது வண்டி 71இல் போகும். டிரெய்லர் இழுப்பவருக்கு எம் பரிந்துரை, பின் அச்சில் 3.55 கியரை எடுத்துவிட்டு 4.10 போடுவது. ஒவ்வொரு கியரிலும் சக்கரத்தில் 15 சதவீதம் கூடுதல் இழுவை. சத்தம் வராது என்பதால் யாரும் பாராட்ட மாட்டார்கள்.

டீசல் வண்டியில் புகை வடிகட்டியைப் பிடுங்கி எறிவதை நாம் மேம்பாடு என்று ஏற்கவில்லை. அது தூய காற்றுச் சட்டத்தை மீறுவது. பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் அகற்றப்பட்டதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2020இல் கணக்கிட்டது. அந்தக் கரும்புகையில் நகைச்சுவை எதுவும் இல்லை.

வாங்கத் துணிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கலிபோர்னியாவில் இருந்தால், இன்டேக் பெட்டியில் மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உடன் வரும் ஸ்டிக்கரைப் பானட்டுக்கு அடியில் ஒட்டுங்கள். இல்லையென்றால் ஸ்மாக் சோதனையில் வண்டி தேறாது. கழற்றிய பழைய ஏர் பாக்ஸைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வண்டியை விற்கும்போது வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.