கம்பம் பள்ளத்தாக்கில் வன்தட்டு மாற்றுமுறை: ஒரு பன்முக நோக்கு

ஆய்வு எல்லை: கிழக்கே ஆண்டிபட்டிக் கணவாய், தெற்கே லோயர் கேம்ப். குமுளி மலை ஏறினால் கேரளம். அங்குள்ள லேப்டாப்புகளைப் பிறர் பார்த்துக்கொள்க.

கால எல்லை: 2011 செப்டம்பர் 15 முதல், அதாவது விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிய நாள் முதல். அதற்கு முந்தையது இருண்ட காலம். தமக்குத் தரவு கிடைக்காத காலத்தையெல்லாம் அறிஞர்கள் அப்படித்தான் அழைப்பர்.

முதன்மைச் சான்று: பிளஸ் டூ மாணவர்க்கு எல்காட் வாங்கித் தந்த லேப்டாப், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அக்கா கல்லூரிக்குத் தூக்கிப்போய், தம்பி படம் பார்த்துத் தேய்த்து, இன்று அப்பா போடி ஏலக்காய் விலை பார்க்கும் பருவத்தை எய்தியுள்ளது.

நோய்க்குறிகள்: மெதுவாதல். உறைதல். 'டிக்… டிக்…' எனல்.

இம்மூன்றாவதே ஆய்வுலகைப் பிளந்தது. முதலாவது பல்லிக் கொள்கை. பஞ்சாங்கம் கௌளி பலனைத் திசைவாரியாகத் தருவதால், லேப்டாப் எத்திசை நோக்கியிருந்தது என்பதே தலையாய வினா. கிழக்கெனில் பணவரவு என்பது சின்னமனூர் வாய்மொழி மரபு (பாட்டி, திண்ணை, விளக்கு வைக்குமுன்). செலவு என்பது உத்தமபாளையப் பாடபேதம் (பாட்டியின் தங்கை, அதே திண்ணை, விளக்கு வைத்தபின்). பிந்தையது புது டிஸ்கின் விலை தெரிந்த பிறகு எழுந்தமையின் இடைச்செருகல் என்பார் ஒரு சாரார். கம்பத்து டீக்கடை உரை (மேற்குப் பெஞ்சு, வலக்கோடி, இரண்டாம் டீ, சர்க்கரை கம்மி) இரு பாடங்களையும் ஏற்று, 'பணம் வரும், கடைக்காரருக்கு' என நயம் காண்கிறது. இவ்வுரைக்கு ஒரு மறுப்புரை உண்டு (அதே பெஞ்சு, இடக்கோடி). அதற்கு எழுந்த மறுப்பின் மறுப்பு, தேனி பஸ் வந்துவிட்டதால் முற்றுப்பெறவில்லை.

இரண்டாவது பொறிக் கொள்கை. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டின்மேல் படாமல் மிதக்கும் எழுதுமுனை, தன் தடத்தைக் காணாமல் பின்வாங்கி, மறுபடி முயல்வதால் எழும் ஓசை அது. உண்மை என்பதால் இதற்கு ஆய்வரங்குகளில் வரவேற்பில்லை.

செய்முறை: ஓசை கேட்ட அன்றே போட்டோக்களை வேறிடத்துக்கு நகலெடுக்க. டிஸ்கைச் சோதிக்கிறேன் என்று மணிக்கணக்கில் ஸ்கேன் ஓட்டி மிச்ச உயிரையும் வாங்கற்க. பிறகு சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, அடிமூடியின் ஸ்குரூக்களை அவிழ்த்து, பழையதை சாட்டா முனையிலிருந்து பக்கவாட்டில் இழுத்து, 2.5 அங்குல எஸ்எஸ்டியைச் செருகுக. அவ்வளவே. இவ்வியலில் பக்கம் தேறாததால், திருகாணியின் தோற்றமும் வளர்ச்சியும் 140 பக்கங்களில் பின்னிணைப்பாகும்.

ஆய்வு இடைவெளி எங்கே என்று நெறியாளர் கேட்பார். இருக்கிறது. பழைய டிஸ்கின் கனம் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர், புதியது 7. எனவே இடைவெளி 2.5 மில்லிமீட்டர். கல்யாணப் பத்திரிகை அட்டையை நறுக்கிச் செருகி அதுவும் நிரப்பப்பட்டது.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்கக்கூடிய ஒரே வினா, பன்னீர் திராட்சை கிலோ என்ன விலை என்பதாகும். அதற்குரிய தரவும் திரட்டப்பட்டு, பெட்டியில் கட்டி, அவர் காரில் வைக்கப்பட்டுள்ளது.