பூட்டும் திறப்பும்: கேள்வி-பதில்

கே: கிணற்றடியைக் கொத்தும்போது இரும்புப் பூட்டொன்று, தகட்டோடு கிடைத்தது. துரு ஏறியிருப்பதைப் பார்த்தால் ஒல்லாந்தர் காலத்தது போலிருக்கிறதே? (வண்ணார்பண்ணை வாசகர்)

ப: துருவை வைத்து வயது சொன்னால், பருத்தித்துறைக் கடற்கரையில் நிற்கும் என் சைக்கிள் போர்த்துக்கேயர் கொண்டுவந்தது! உப்புக்காற்றுக்கு வரலாறு தெரியாது. தகட்டிலுள்ள ஸ்குரூ ஆணியைப் பாருங்கள். கூரான முனை, நட்ட நடுவில் வெட்டு, ஒரே சீரான மரை என்றால் மெஷின் செய்தது. 1840களுக்கு முந்தியதாக இருக்காது. ஒல்லாந்தரோ 1795 இலேயே யாழ்ப்பாணக் கோட்டையை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டார்கள். மொட்டை முனை, கோணல் வெட்டு, அரத்தால் அராவிய மரை என்றால் மேற்கொண்டு பேசலாம். அப்போதும் அவசரம் வேண்டாம். பழைய பூட்டுக்குப் புது ஆணி அடித்த தச்சர்மார் எத்தனை பேர்! ஆணியைச் சுற்றி வேறு ஓட்டையின் தடம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

கே: தட்டையான, பல் வெட்டிய திறப்பு. நூற்றாண்டு சொல்வீர்களா? (சாவகச்சேரி)

ப: லைனஸ் யேல் இந்த வகைப் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றது 1860களில். அதற்கு முந்தியதில்லை என்று சத்தியம் செய்வேன். போன கிழமை வெட்டியதில்லை என்று செய்யமாட்டேன்.

கே: பித்தளை ஆமைப்பூட்டைப் புளி போட்டு மினுக்கலாமா? (கோப்பாய் வாசகி)

ப: குத்துவிளக்குக்குப் போடுங்கள். பூட்டில் தேய்ந்துபோன கிரீடமும் இரண்டு எழுத்தும் இருந்தால், புளியோடு அதன் பிறப்புச் சாட்சிப்பத்திரமும் கழுவுப்படும். ‘வி.ஆர்.’ என்றால் விக்டோரியா மகாராணி, 1837 முதல் 1901 வரை. மெல்லிய தூரிகையால் மண்ணைத் தட்டினால் போதும்.

கே: ‘சி.ஜி.ஆர்.’ என்று பொறித்த பூட்டு? (காங்கேசன்துறை)

ப: இலங்கை அரசாங்க ரயில்வேயின் பழைய பெயர். கொழும்பிலிருந்து உங்கள் ஊர்வரை பாதை முழுமையானது 1905 இல்; போரால் 1990 இல் ஓட்டம் நின்றது. இடையில் எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் பூட்டியிருக்கலாம்.

கே: மெற்றல் டிடெக்டர் வாங்கித் தேடலாமா? சொந்தக் காணிதான். (கொடிகாமம்)

ப: 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குச் சொந்தக் காணியும் காணிதான், பழம்பொருள் தேடித் தோண்ட அனுமதிப்பத்திரம் வேண்டும். 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் தற்செயலாகக் கிடைத்தாலும் தொல்லியல் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். கிடந்த ஆழம், பக்கத்தில் கிடந்த ஓடு, நாணயம் எல்லாம் பூட்டைவிடத் திருத்தமாகக் காலம் சொல்லும். பிடுங்கினால் அந்தச் சாட்சி போச்சு. இன்னொன்று: அந்தக் கருவி பூட்டுக்கும் கத்தும், வெடிக்காத செல்லுக்கும் அதே குரலில்தான் கத்தும்.

கே: திறப்பு மட்டும் கிடைத்தது. பூட்டைக் காணோம். (மானிப்பாய்)

ப: திறப்பைத் தொலைத்தவரைத் தேடுங்கள். பாவம், இன்னும் படலைக்கு வெளியேதான் நிற்கிறார்.