மார்கழிக்கு ஆயத்தம்

கனடாவில் இருக்கும் சொந்தங்கள் குளிருக்கு முன்பே கம்பளியும் ஹீட்டரும் வாங்கி வைப்பார்கள். வெள்ளவத்தையில் மார்கழியிலும் ஃபேன் சுற்ற வேண்டும். எங்கள் ஆயத்தம் வேறு. வானம் கறுத்தால் முதலில் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஆறாம் மாடியில் கரண்ட் போனால் மோட்டரும் போய்விடும், பிறகு குழாயில் காற்றுத்தான் வரும். வாளி, அண்டா, குழந்தை குளிக்கும் பேசின் எல்லாம் நிரம்பும். பிரிஜ்ஜில் கிடக்கும் பாரை மீன் அன்றிரவே குழம்பாகி, பக்கத்து வீட்டுக்கும் போகும். லிஃப்டில் ஏறுமுன் நாத்திகரும் ஒருதரம் முருகனை நினைப்பார். கொட்டாஞ்சேனைக்காரருக்கு மெழுகுதிரிக் கவலையே இல்லை. கொச்சிக்கடை அந்தோனியாருக்கென்று வாங்குவதில் பாதியை வீட்டுக்கு எடுத்துவைத்தால், புனிதர் கோபிக்கவா போகிறார்?

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் கரண்டை வெட்டினார்கள். அப்போதும் ஏ, பி, சி என்று பிரிவு போட்டு நேர அட்டவணை தந்தார்கள். கலியாணம் பேச வந்தவர்கள்கூடச் சாதகத்துக்கு முன் அதைத்தான் பார்த்தார்கள்.

2025 பெப்ரவரி 9இல் அட்டவணையே இல்லை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்ததாம். நாடு முழுக்கக் கரண்ட் போனது. சொன்னவர் மின்சக்தி அமைச்சர். அனுமன் வந்தபோதாவது இலங்கையில் வெளிச்சம் இருந்தது.

ஆகவே இம்முறை டோர்ச், பவர் பேங்க், நெருப்புப்பெட்டியோடு ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கியாயிற்று. வீட்டுக்கு அல்ல, பாணந்துறைக்கு.