செவ்வாய், வியாழன், சனி

கோயமுத்தூரில் ஒருவருக்கு 58 முடியப்போகிறது என்பது அவருக்கு உறைப்பதற்கு முன்பே மூன்று பேருக்குத் தெரிந்துவிடும். பி.எஃப். ஆபீஸுக்கு, எல்.ஐ.சி. ஏஜென்ட்டுக்கு, அன்னூர்ப் பக்கம் சைட் போட்டு விற்கும் ஒறம்பரைக்காரருக்கு. கைக்கு வரப்போகும் பணம் எங்கே போக வேண்டும் என்பதற்கு மூவரிடமும் வழி உண்டு. ஆள் எங்கே போவார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

எங்கள் கம்பெனி மட்டும் கேட்டது. பம்ப்செட் கம்பெனி, நான் அக்கவுண்ட்ஸ். எச்.ஆர். தம்பி உட்கார வைத்து, டீ வரவழைத்து, “உங்களை ஒரேயடியா அனுப்ப மனசில்லீங்க சார். கொஞ்சம் கொஞ்சமா ரிட்டயர் ஆகிக்குங்க” என்றான். கொஞ்சம் கொஞ்சமாகப் போவதில் எனக்குப் பழக்கம் உண்டு. என் தலைமுடி அப்படித்தான் போனது.

தம்பி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். ஜப்பானில் 65 வயது வரை கேட்டவருக்கு வேலை கொடுத்தாக வேண்டும். 70 வரை கொடுக்க முயற்சியாவது செய்ய வேண்டும் என்று 2021 ஏப்ரலில் சட்டம் வந்திருக்கிறது. சிங்கப்பூரில் 2022-இல் ஓய்வு வயதை 63 ஆக்கி, அதன்பிறகும் தகுதி உள்ளவருக்கு 68 வரை மறுவேலை தரச் சொல்லிவிட்டார்கள். ஜப்பானில் பல கம்பெனிகள் 60 வயதில் மாலை போட்டு அனுப்பிவிட்டு, வருஷ ஒப்பந்தத்தில், குறைந்த சம்பளத்துக்கு அதே ஆளைத் திரும்ப உட்கார வைக்கும் என்பதைத் தம்பி சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். கணக்கு எழுதுகிறவன் எதையும் அடிக்குறிப்பிலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பான்.

ஏற்பாடு இதுதான். திங்கள், புதன், வெள்ளி ஆபீஸ். செவ்வாய், வியாழன், சனி வீடு; அவசரமென்றால் அங்கிருந்தே டேலியில் நுழைந்து பார்க்கலாம். அடுத்த ஏப்ரலிலிருந்து வாரம் இரண்டு நாள். அதற்கடுத்த ஏப்ரலைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்றில் கறாராக நின்றேன். கிராஜுவிட்டி என்பது கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருஷத்தால் பெருக்குவது. முதலில் மூன்று நாள் ஆளாக மாறி, பாதிச் சம்பளம் வாங்கி, அப்புறம் ஓய்வு பெற்றால் அந்தப் பாதிதான் ‘கடைசியாக வாங்கியது’. முழுசாக உழைத்த அத்தனை வருஷத்துக்கும் பாதி விலை! ஆகவே, “முதல்ல முழு ஆளா ரிட்டயர் பண்ணுங்க. கிராஜுவிட்டி, லீவு சம்பளம் எல்லாம் செட்டில் ஆகட்டும். அப்புறம்தான் புது ஒப்பந்தம்” என்றேன். தம்பி ஒப்புக்கொண்டான். இந்த வீரத்தை அன்று ராத்திரி வீட்டில் விளக்கமாகச் சொன்னேன். வீட்டம்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். சும்மா கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

58 ஆனால் வேலையில் தொடர்ந்தாலும் பி.எஃப். பென்ஷன் வாங்கலாம் என்பது இன்னொரு சௌகரியம். அதற்கு நம் சம்பளம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் 15,000 என்றும், 2014 செப்டம்பருக்கு முந்தின சர்வீஸுக்கு 6,500 என்றும் வைத்துக்கொண்டு, வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். வந்த விடையை வீட்டம்மாவிடம் காட்டினேன். “இது வாரத்துக்குங்ளா?” என்றாள்.

என் மச்சான் சர்க்கார் உத்தியோகம். 2020 மே 31-இல் ஓய்வு பெற வேண்டியவர். அந்த மாசம்தான் தமிழ்நாடு அரசு 58-ஐ 59 ஆக்கியது. சரியென்று மறு வருஷம் மே மாசத்துக்குச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவைத்தார். அதற்குள் 60 ஆகிவிட்டது. பிரிவுபசார விழாவுக்கு எடுத்த பட்டு வேஷ்டி, கடைசியில் பெண் கல்யாணத்துக்குத்தான் ஆனது. என் அப்பாவுக்கு இந்த இழுபறியெல்லாம் கிடையாது. மில்லில் சங்கு ஊதினால் போவார், ஊதினால் வருவார். ஒருநாள் மில்லை மூடினார்கள். ஓய்வு. அன்றைக்கு யாரும் அவருக்கு டீ வாங்கித் தரவில்லை. அதனால்தான் எச்.ஆர். தம்பியை எத்தனை கேலி செய்தாலும், முழுசாகச் செய்ய எனக்கு மனசு வருவதில்லை.

ஆபீஸில் என் புது வேலை, என் இடத்துக்கு வரும் பெண்ணுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பது. உடுமலை டீலர் பேரில் சஸ்பென்ஸ் கணக்கில் 4,312 ரூபாய் ஏன் நிற்கிறது, எந்தப் பார்ட்டிக்கு மார்ச் 31-க்குள் போன் செய்தால் கோபம் வரும் என்பதெல்லாம் என் தலையில் மட்டுமே இருக்கும் ரகசியங்கள். இதை வைத்து ஒரு வருஷம் ஓட்டிவிடலாம் என்று, மாசத்துக்கு இவ்வளவு என அளந்து வைத்திருந்தேன். அந்த அம்மிணி சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் எக்ஸெல்லில் ஏற்றி, பதினோரு மணி டீக்கு முன்னால் முடித்துவிட்டு, “வேற ஏதாச்சும் இருக்குதுங்ளா சார்?” என்றது. இருக்கிறது என்றேன். என்ன என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம்விடச் சிக்கல் வீடுதான். கம்பெனி என்னை வாரத்துக்கு மூன்று நாள் விடுவித்தது சரி. அந்த மூன்று நாளுக்கு வீட்டில் காலியிடம் இருக்கிறதா என்று யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. பகல் வீடு என்பது நான் பார்த்தறியாத ஒரு நிறுவனம். ஒன்பதரைக்குப் பாத்திரம், பத்துக்குத் துணி, பத்தேகாலுக்கு வேலைக்கு வரும் அக்கா. அந்த அக்கா நாலு வீட்டு வேலையைத் தன் சௌகரியத்துக்கு முன்பின் மாற்றிப் போட்டுக்கொள்கிறது. எச்.ஆர். தம்பி ஸ்லைடு போட்டு விளக்கிய நெகிழ்வான பணிநேரத்தை அது பல வருஷமாக யாரையும் கேட்காமல் நடத்திவருகிறது. நான் டைனிங் டேபிளில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. மீட்டிங்கில் இருக்கும்போது துடைப்பத்தோடு வந்து நிற்கும். “காலைத் தூக்குங்க சார்.” தூக்குவேன். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு உள்ளீட்டு வரி வரவைப் பற்றி ஒருவர் எத்தனை கம்பீரமாகப் பேச முடியுமோ அத்தனை கம்பீரமாகப் பேசுவேன்.

மோட்டார் விஷயம் இன்னும் மோசம். பம்ப்செட் கம்பெனியில் தலை நரைத்தவன். இம்பெல்லர் வார்க்க என்ன அடக்கம், மெக்கானிக்கல் சீல் என்ன விலை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பைசாவோடு சொல்வேன். எங்கள் வீட்டு மோனோபிளாக் ஒரு வியாழக்கிழமை ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. நான் அதன் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டு நின்றேன். வீட்டம்மா வந்தாள். ஸ்பேனரால் மேல் மூடியைக் கழற்றினாள், சொம்புத் தண்ணீரை ஊற்றினாள், குமிழி அடங்கும் வரை பார்த்தாள், மூடினாள், சுவிட்சைப் போட்டாள். ஏறியது. “புட் வால்வு லீக்குங்க. தண்ணி இறங்கி ஏர் புடிச்சுக்குது. ரெண்டு வருசமா இப்படித்தான்.” பக்கத்தில் இரண்டு கேட் வால்வு. ஒன்று சிறுவாணி நல்ல தண்ணி, இன்னொன்று போர் உப்புத் தண்ணி. எது எது என்று கேட்டேன். “அதெல்லாம் இப்ப வேண்டாமுங்க” என்றாள், எச்.ஆர். தம்பியின் அதே கனிவோடு.

அப்புறம்தான் தெரிந்தது, ஊரில் என்னைப் போல் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று. ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்குப் பீளமேட்டு பேக்கரிக்குப் போய்ப் பாருங்கள். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் பேனா, மடியில் பை, கையில் டீ, எதிரில் ஒரு தேங்காய் பன். எல்லோரும் ‘கன்சல்டன்ட்’. பில்லில் பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கிறார்களே என்பதுதான் பேச்சு. வீட்டில் காலைத் தூக்கச் சொல்கிறார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அங்கே ஸ்டூலை நகர்த்திப் பெருக்க வந்தால், சொல்வதற்கு முன்பே அத்தனை காலும் ஒன்றாக உயரும்.

போன மாசம் வீட்டம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். “நானும் கொஞ்சம் கொஞ்சமா ரிட்டயர் ஆகலாம்னு இருக்கறனுங்க.” நல்ல விஷயம் என்றேன். “ஆனா செட்டில்மென்ட் மொதல்ல. நீங்க சொன்னதுதானுங்க.” விளையாட்டாகக் காகிதத்தை எடுத்தேன். கடைசியாக வாங்கிய சம்பளம் என்று எழுதி, பூஜ்யம் போட்டேன். 26-ஆல் வகுத்தேன், 15-ஆல் பெருக்கினேன், கல்யாணமான வருஷத்தால் பெருக்கினேன். இத்தனை வருஷக் கணக்கு வேலையில் இவ்வளவு சங்கடமான விடை எனக்கு வந்ததில்லை. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, “சரி, அது போகுது. லீவு பாக்கி எவ்வளவுங்க?” என்றாள்.

ஞாயிறு, தீபாவளி, பொங்கல், என் தங்கச்சி பிரசவம் என்று கூட்டிக்கொண்டே போய், பாதியில் கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டேன். இதைக் காசாகத் தர வீட்டை விற்றாலும் ஆகாது. “காசு வேண்டாமுங்க. எடுத்தே தீர்த்துக்கறேன்” என்றாள். பொள்ளாச்சியில் அவள் அக்கா வீடு. செவ்வாய், வியாழன், சனி. காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கத்தான் வருவாள்.

நாட்காட்டித் தாளின் பின்பக்கம் சார்ஜ் ஒப்படைப்பு எழுதிக் கொடுத்திருக்கிறாள். பால்காரர் கேட்காமலே ஒரு லிட்டர் ஊற்றுவார், அரைதான் நமக்கு. சோறு வடித்துக்கொள்ளவும், குழம்பு பிரிட்ஜில். வேலைக்கு வரும் அக்காவிடம் நேரம் மாற்றுவது பற்றி யோசனை சொல்லக் கூடாது. மோட்டாரில் தண்ணீர் ஏறாவிட்டால் ஒரு சொம்பு ஊற்றவும். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு: இரண்டு வால்வையும் தொட வேண்டாம், நான் வந்து பார்த்துக்கறேன்.