ஆப்பிள் சாமியார்

1800-களின் தொடக்கத்தில், காட்டை வெட்டி மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்த ஒஹாயோ குடியானவர்களின் வாசலில் வெறுங்காலோடு ஒருவர் வந்து நிற்பார். பெயர் ஜான் சாப்மன். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு 'ஜானி ஆப்பிள்சீட்' என்றால்தான் தெரியும். அவரிடம் இரண்டு சரக்கு இருந்தன: ஆப்பிள் கன்று, ஸ்வீடன்போர்க் புத்தகம்.

இம்மானுவேல் ஸ்வீடன்போர்க் ஸ்வீடன் நாட்டுச் சுரங்க அதிகாரி. தேவதூதர்களோடு நேரில் பேசியதாகச் சொல்லி, லத்தீனில் எழுதித் தள்ளியவர். அதைப் பரப்பச் சாப்மனை யாரும் சம்பளம் கொடுத்து அனுப்பவில்லை, தானாகவே கிளம்பிவிட்டார். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் தரையில் படுத்தபடி வாசிக்க ஆரம்பிப்பார். பகலெல்லாம் கோடாலி பிடித்தவன் கொட்டாவி விட்டால் அவருக்கென்ன?

புத்தகத்துக்குத்தான் பஞ்சம். அதனால் ஒரே புத்தகத்தைப் பிய்த்து வீட்டுக்கு ஒரு பங்கு கொடுப்பார். அடுத்த தடவை வரும்போது மாற்றிக் கொடுப்பார். கடைசிப் பங்கு முதலில் கிடைத்தவர் மோட்சத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டு, பிறகுதான் வழி கேட்டிருப்பார்.

மான்ஸ்ஃபீல்டில் ஒரு தெருப் பிரசங்கி ஆடம்பரத்தைத் திட்டிவிட்டு, ஆதிக்காலச் சீடரைப்போல வெறுங்காலோடு பரலோகம் போகிறவன் இன்று எங்கே என்று முழங்கினாராம். மல்லாந்து படுத்திருந்த சாப்மன், 'இதோ இருக்கிறான்!' என்று கத்தினாராம். கூடவே வெறுங்கால் இரண்டையும் மேலே தூக்கிக் காட்டினாராம்.

ஒட்டுக்கட்டுவது மரத்துக்குச் செய்யும் கொடுமை என்பது அவர் கட்சி. ஆகவே எல்லாம் விதைக் கன்றுதான். அதில் காய்க்கும் ஆப்பிளைக் கடித்தால் பெரும்பாலும் பல் கூசும். குடியானவர்கள் கவலைப்படவில்லை, பிழிந்து புளிக்கவைத்தால் சைடர் ஆயிற்றே! சாமியார் புண்ணியத்தில் வீட்டுக்கு வீடு பீப்பாய் நிறைந்தது.

வியாபாரத்திலும் ஆள் கெட்டி. பென்சில்வேனியா சைடர் ஆலைச் சக்கையில் விதை இனாம். ஒஹாயோவின் ஒரு பகுதியில், நிலம் சொந்தமாக வேண்டுமானால் 50 ஆப்பிள் கன்று நடவேண்டும் என்று நிலம் கொடுத்த கம்பெனி விதித்திருந்தது. குடியேறிகள் வந்து சேருமுன்பே சாப்மன் நாற்றங்கால் போட்டுவிடுவார். 1845-இல் இண்டியானாவில் செத்தபோது, செருப்பில்லாத அந்த மனிதர் பெயரில் சுமார் 1,200 ஏக்கர் இருந்தது.

ஸ்வீடன்போர்க் சபை அமெரிக்காவில் இன்றும் சின்னச் சபைதான். சாப்மன் கன்றைக் காசுக்கு விற்றார், உபதேசத்தைச் சும்மா கொடுத்தார். ஜனங்கள் காசு கொடுத்ததை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.